வாசகர் கேள்வி: ரேஸிங் ட்ரோன்

கேள்வி: ஃபார்முலா ஒன் காரின் வேகத்துக்கு ட்ரோன் ஈடுகொடுக்குமா?

பதில்: கொடுத்துவிட்டது! 2024இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில் ஃபார்முலா ஒன் வீரர் வெர்ஸ்டாப்பன் ஓட்டிய ரெட்புல் காரை ஒரு கேமரா ட்ரோன் மணிக்கு 300 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் துரத்திப் படம்பிடித்தது. சிக்கல் பேட்டரியில்தான். வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். அதனால் முழு வேகத்தில் சில நிமிடங்களே பறக்க முடியும்.

கேள்வி: என் 5 அங்குல ப்ரொப்பெல்லர் கொண்ட ட்ரோன் ஒருமுறை மோதியபின், வளைவில் திரும்பி நிமிரும்போது நடுங்குகிறது. மோட்டாரும் சுடுகிறது. ஏன்?

பதில்: தன் ப்ரொப்பெல்லர்கள் கலக்கிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் இறங்கும்போது லேசான நடுக்கம் இயல்பு. சூடும் சேர்ந்தால் கோளாறு. முதலில் நான்கு ப்ரொப்பெல்லர்களையும் மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலே போதும். மாற்றும்போதே, ப்ரொப்பெல்லர் இல்லாமல் ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுழற்றுங்கள். ஓரிடத்தில் உரசினால் தண்டு வளைந்திருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும். மோட்டாரைப் பிடிக்கும் திருகு அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், மோட்டாருக்குள் இருக்கும் சுருள் கம்பியைத் தொட்டு, வேகக் கட்டுப்பாட்டுப் பலகையையே எரித்துவிடும். இதை அவசியம் பாருங்கள். ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் பலகைக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் இருக்கும். அது நசுங்கும் அளவுக்குத் திருகை முறுக்கினால், அதிர்வு நேராக கைரோவுக்கு (சுழற்சியை உணரும் சென்சாருக்கு) போகும்.

எல்லாம் சரியென்றால் ஃப்ளைட் கன்ட்ரோலரை இயக்கும் மென்பொருளான பீட்டாஃபிளைட்டில் ஆர்பிஎம் ஃபில்டரைப் பாருங்கள். மோட்டார் சுழலும் வேகத்தைக் கொண்டு, அதன் அதிர்வை கைரோ அளவீட்டிலிருந்து நீக்குவது இது. அதில் கொடுத்திருக்கும் மோட்டார் காந்தங்களின் எண்ணிக்கை தவறாக இருந்தால் ஃபில்டர் வேறு அதிர்வெண்ணை வெட்டும். 2207 என்ற அளவு மோட்டார்களில் பெரும்பாலும் 14 காந்தங்கள் இருக்கும். பிறகும் சுட்டால் அதே மென்பொருளில், திடீர் அசைவை அடக்கும் 'டி' மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் 30 விநாடி பறக்கவிட்டு, இறக்கி, பேட்டரியைக் கழற்றியபின் மோட்டாரைத் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடென்றால் மேற்கொண்டு பறக்கவிடாதீர்கள்.