பெற்றோரோடு அயோவா பழைய பண்ணைகளைப் பார்க்க: முட்டிவலி இருந்தால்?

வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டி மொயின் நகரப் பக்கமுள்ள லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸுக்கு (பழங்கால விவசாய வாழ்க்கையை அப்படியே செய்துகாட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம்) அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா, அப்பாவின் முட்டிவலிக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். இடம் பெரியது, ஆனால் டிராக்டர் இழுக்கும் வண்டியில் பண்ணைகள் வரை போய்விடலாம். இடையில் மண் பாதையில் நடக்க வேண்டியிருக்கும், கைத்தடி இருந்தால் கொண்டுபோங்கள்.

மூன்று பண்ணைகள்: 1700இன் அயோவே பழங்குடியினருடையது, 1850இன் குடியேறிகளுடையது, 1900இன் குதிரைகளை வைத்து வேலை செய்யும் பண்ணை. முட்டி தாங்காது என்றால் 1900ஐ விட்டுவிடலாம், என் கணக்கில் மற்ற இரண்டும்தான் விசேஷம். காட்டெருமையின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்டிய களைக்கொத்து, மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் கலந்த ஊடுபயிர், தானியம் சேமிக்கும் நிலக்குழி எல்லாம் முதல் பண்ணையின் கதை.

அப்பா ஏர் ஓட்டியவர் என்றீர்கள், அப்படியானால் 1850 பண்ணையில் எருது நுகத்தடியைக் கட்டாயம் காட்டுங்கள். நம்மூரில் மாட்டை நுகத்தடியோடு பிணைக்கப் பூட்டாங்கயிறு கட்டும் இடத்தில் அங்கே வளைத்த மரத்தை மாட்டின் கழுத்தைச் சுற்றிக் கீழிருந்து மேலே செருகியிருப்பார்கள். அப்பா அதில் குறை கண்டுபிடிக்காமல் நகரமாட்டார், நேரம் ஒதுக்கிவையுங்கள்! பழங்கால உடையில் வேலை செய்பவர்களிடம் தயங்காமல் கேட்கலாம், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்.

1876 காலத்துச் சிற்றூரும் உண்டு. அம்மாவுக்குக் கடைவீதி பிடிக்கும் என்றால் கடைசியில் அங்கே போங்கள். பண்ணைகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், அதனால் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் தேதியைப் பாருங்கள். வெயிலுக்குத் தொப்பி, அப்புறம் கொசு மருந்து.