ஒன்பதாம் வகுப்பில் எங்கே இருப்பாள்?

கேள்வி: கணவருக்கு துபாயில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை, ஜெபல் அலியில் அலுவலகம். ஏப்ரலில் நானும் மகளும் போகிறோம். இப்போது மூன்றாம் வகுப்பு முடிக்கிறாள். "அங்கே போயும் சி.பி.எஸ்.இ.யா? பிரிட்டிஷ் பள்ளியில் சேருங்கள்" என்கிறார்கள் கணவரின் நண்பர்கள். கம்பெனி கட்டணத்தில் ஒரு பகுதிதான் தரும். வாடகை குறைவு என்று பக்கத்து ஷார்ஜாவில் வீடு பார்க்கிறார் கணவர். எதை முடிவு செய்வது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: சகோதரி, நண்பர்கள் சொல்வதை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். அவர்களில் யாரும் உங்கள் மகளின் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அவள் எங்கே இருப்பாள் என்பதை நீங்களும் கணவரும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு நடந்துவிடும். அதன் பிறகு நேராகப் பத்தில் போய்ச் சேர்வது எளிதல்ல. பிரிட்டிஷ் முறையிலும் அதே வயதில்தான், நம் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கான பாடங்கள் தொடங்குகின்றன. அதற்கு முன்பு எந்தத் திசையிலும் மாறலாம். ஒப்பந்தம் இரண்டே ஆண்டு என்னும்போது நான் அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிக்கே வாக்களிப்பேன். கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்குவதால் நான்காம் வகுப்பில் முதல் நாளே உட்காரலாம். பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் இறுதியில்தான் புது ஆண்டு. ஏப்ரலில் போனால் கடைசிப் பருவத்தில் நடுவே நுழைய வேண்டியிருக்கும். அங்கே 'இயர் 5' என்பது நம் நான்காம் வகுப்புதான். டபுள் புரமோஷன் என்று பாட்டி ஊரெல்லாம் சொல்லிவிடப் போகிறார்!

துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு. ஒவ்வொரு பள்ளியின் கட்டணத்தையும் ஆய்வு அறிக்கையையும் அதன் இணையதளத்தில் பார்க்கலாம். 'மிகச் சிறப்பு', 'நன்று' என்ற ஒற்றைச் சொல் தரத்தோடு நின்றுவிடாதீர்கள். அறிக்கையின் முதல் பக்கங்களில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், ஆண்டுக்கு எத்தனை சதவீத ஆசிரியர்கள் மாறுகிறார்கள் என்று இருக்கும். ஆசிரியர்கள் நிலைக்காத பள்ளியில் நீச்சல் குளம் இருந்து என்ன பயன்? அறிக்கை எந்த ஆண்டுடையது என்றும் பாருங்கள். 2024-25இல் பெரும்பாலான பள்ளிகளில் முழு ஆய்வு நடக்கவில்லை.

வீட்டு விஷயத்தில் கணவரோடு கொஞ்சம் சண்டை போட்டாலும் தவறில்லை. ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வரும் அல் இத்திஹாத் சாலையின் காலை நெரிசல் பேர்போனது. ஜெபல் அலியோ துபாயின் மறுகோடி. ஷார்ஜாவில் வீடு, துபாயில் பள்ளி என்றால் விடியும் முன்பே எட்டு வயதுக் குழந்தை பஸ்ஸுக்காக நிற்கும். வாடகையில் மிச்சமாகும் பணத்தில் பள்ளி பஸ் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். பஸ் கட்டணம் தனிக் கணக்கு. பள்ளியை முடிவு செய்துவிட்டு வீடு தேடுங்கள். ஷார்ஜாதான் என்றால் பள்ளியும் அங்கேயே இருக்கட்டும். ஷார்ஜா பள்ளிகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் உண்டு.

அரபு மொழி அவளுக்குக் கட்டாயப் பாடமாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்தே படித்திருப்பார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குத் தனிக் குழு உண்டா என்று கேளுங்கள். இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் கோவையிலிருந்து நான்காம், ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயம்.

மாற்றுச் சான்றிதழில் எந்தெந்த அலுவலக முத்திரைகள் வேண்டும் என்று அங்குள்ள பள்ளியிடம் இப்போதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். துபாய் போய்ச் சேர்ந்தபின் ஒரு முத்திரை குறைகிறது என்று தெரிந்தால், கோவையில் உங்களுக்காக அலைய யாரையாவது தேட வேண்டியிருக்கும்.