கண்டியில் எடுத்த படம்தானே, பையனுக்குக் காட்டலாமா?

கேள்வி: மகனுக்குப் பத்து வயது. முதல் இந்தியானா ஜோன்ஸ் படம் பார்த்ததிலிருந்து வீட்டில் இருக்கிற கயிறெல்லாம் சாட்டைதான். இரண்டாவது படம் பயங்கரம் என்கிறார்கள். என் தம்பியோ, "முகம் உருகுவதையே பார்த்தவன், இது நம்ம கண்டியில் எடுத்தது வேறு, போட்டுக் காட்டு அக்கா" என்கிறான். காட்டலாமா?
- ஒரு தாய், அட்டன்

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

கண்டி விஷயம் உண்மைதான். 1984இல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' இந்தியாவில் நடக்கிற கதை, ஆனால் இந்திய அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டதால் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கின் குழு இங்கே வந்துவிட்டது, அதனால்தான் வட இந்தியக் கிராமத்து ஆட்கள் சிங்களம் பேசுகிறார்கள். அதற்காகவெல்லாம் பத்து வயதுப் பையனுக்குக் காட்ட வேண்டுமா என்ன?

முகம் உருகும் காட்சியையும் இதையும் உங்கள் தம்பி ஒரே தராசில் போடுகிறார். அங்கே உருகுவது வில்லன்கள், அதுவும் படம் முடிகிற நேரத்தில். இங்கே சுரங்கத்தில் சங்கிலியோடு அடிவாங்குவது உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள், ஒரு கட்டத்தில் கதாநாயகனே மயக்கத்தில் கெட்டவனாகி, தன்னை நம்பி வந்த சிறுவனை அறைகிறான். உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்குவதைவிட எனக்கு அந்த அறைதான் பெரிசு. அமெரிக்காவிலேயே பெற்றோர் கொதித்துப்போய், 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று எச்சரிக்கும் புதிய தரச்சான்று அதே வருடம் ஜூலையில் வந்தது, இந்தப் படமும் அதற்கு ஒரு காரணம். கதையை எழுதிய ஜார்ஜ் லூகாஸ் அப்போது விவாகரத்தில் இருந்தார், அந்த மனநிலைதான் கதையில் இறங்கியது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. நரபலி கேட்கும் சாமியாகக் காளியைக் காட்டுகிறார்கள். தோட்டத்துக் கோயிலில் காளியம்மனுக்குத் தேங்காய் உடைத்து வளர்கிற பிள்ளை அதைப் பார்த்து என்ன நினைப்பான்? விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவதும் இதே ரகம், அவர்கள் கற்பனை செய்த இந்தியா. இதைச் சொன்னால் புரிகிற வயது வரட்டும்.

அதற்குள் தம்பி ரகசியமாகப் போட்டுக் காட்டிவிட்டால் (மாமாக்களை நம்ப முடியாது), பையனைத் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்த விதத்தைச் சொல்லுங்கள். தொங்குபாலத்தை விக்டோரியா அணைக்கட்டுப் பக்கம் நிஜமாகவே கட்டி நிஜமாகவே அறுத்தார்கள், ஆனால் கை காலை உதறிக்கொண்டு விழுகிறவர்கள் இயந்திரப் பொம்மைகள். இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இல்லை, சாட்டை வீரனை உடனே பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால், 1989இல் வந்த மூன்றாவது படத்தைப் போடுங்கள், அப்பாவும் மகனும் சண்டை போட்டுக்கொள்ளும் ஜாலியான படம், கடைசியில் ஒருவன் எலும்புக்கூடாகும் இடத்தில் மட்டும் ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.