கடலில் ஆனைக்கால் இறங்கினால்: கேள்வி பதில்

நீரோடி, வள்ளத் தொழிலாளி: அண்ணா, கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே தூணாட்டம் சுழல்ற காத்து, அதான் இந்த ஆனைக்கால், கடல் தண்ணியை உறிஞ்சி மேகத்துக்கு ஏத்துதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை தம்பி. நமக்குத் தெரிகிற தூண் பெரும்பாலும் மேகம்தான். சுழலின் நடுவில் அழுத்தம் குறைவதால் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளியாகிறது. அது நல்ல தண்ணீர். உப்புத்தண்ணீர் அடியில் சில மீட்டர் உயரத்துக்குச் சிதறுவதோடு சரி.

கொல்லங்கோடு, கல்லூரி மாணவி: புயலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, சார்?

புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் ஆயுள். ஒக்கி 2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் புயலாகி, டிசம்பர் 5 வரை அரபிக்கடலில் ஓடியது. ஆனைக்காலின் அகலம் சில பத்து மீட்டர். பெரும்பாலும் 5 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனைக்காலில் இடிமேகத்திலிருந்து கீழிறங்கும் டொர்னாடோ வகை ஒன்று உண்டு. அது அரிது, மிகக் கொடியது. அதிகம் காண்பது மற்ற வகை: காற்று மந்தமாக, கடல் சூடாக, அடி தட்டையான மேகங்கள் வரிசையாக வளரும்போது தண்ணீர் மட்டத்தில் தொடங்கி மேலே ஏறுவது.

பொழியூர்: கள்ளக்கடலும் இதனால்தானா?

சம்பந்தமே இல்லை. அது தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயற்காற்று எழுப்பிய அலை, நாள்கணக்கில் ஓடிவந்து இங்கே கரையேறுவது. சுனாமிக்கும் காரணம் வேறு. பெரும்பாலும் கடலடி நிலநடுக்கம்.

மார்த்தாண்டன்துறை, ஃபைபர் வள்ளம்: கிட்ட வந்தா என்ன செய்யணும் அண்ணா?

வானத்தை மட்டும் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். முதலில் கடல்மேல் கறுத்த வட்டம் தெரியும். பிறகு அதைச் சுற்றிச் சுருள்கோடுகள், அடுத்து வளையமாகத் தூவானம். தூண் முழுதாகத் தெரிவது அதற்கும் பிறகுதான். கறுத்த வட்டம் கண்டபோதே விலகினால் நேரம் கிடைக்கும்.

வள்ளத்தின் திசையை மாற்றாமல் சிறிது நேரம் கவனியுங்கள். தூண் ஒரே கோணத்தில் நின்றபடி பருத்துக்கொண்டே வந்தால் உங்களை நோக்கித்தான் வருகிறது. அது போகும் பாதைக்குக் குறுக்காக, செங்கோணத்தில் விலகுங்கள். முன்னால் ஓடிப் பந்தயம் வைக்காதீர்கள். மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் நகரக்கூடியது. லைஃப் ஜாக்கெட்டை அப்போதே மாட்டுங்கள். தார்ப்பாய், காலி கேன், ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் கட்டுங்கள். தப்ப வழியில்லை என்றால் எல்லாரும் தாழ உட்காருங்கள். பக்கவாட்டில் காற்று அடித்தால் வள்ளம் எளிதில் கவிழும்.

அதே அன்பர்: வலை தண்ணியில கிடந்தா?

வலிக்கப் பார்க்காதீர்கள். கயிற்று நுனியில் மிதவை கட்டி விட்டுவிடுங்கள். கட்ட நேரமில்லையென்றால் அறுத்துவிடுங்கள். வலையின் விலை எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன்.

விழிஞ்ஞம்: ரேடாரில் முன்கூட்டியே தெரியாதா?

ஒவ்வொன்றாகச் சொல்வது கடினம். சுழல் ஒடுங்கியது, நிமிடங்களில் மறைவது. தூரம் கூடக்கூட ரேடார் கதிர் பூமியின் வளைவால் உயரத்தில் போய்விடும்; கடல்மட்டத்தை ஒட்டி நடப்பது அதில் சிக்காது. இடிமழை எச்சரிக்கை உள்ள நாளில் அதையே அறிகுறியாக எடுங்கள்.

பொழியூர்: கரையேறுமா?

ஏறலாம். சாதாரண வகை கரை தொட்டதும் சீக்கிரம் கலையும், அதற்குள் கூரை ஓடுகளையும் தகரத்தையும் பிய்த்தெறியும். ஃபோனில் படம் பிடிக்க மணலில் நிற்காமல் கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.