“திருப்திகரமாக இயங்கியது” என்று எழுதியது யார்?

கேள்வி: எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மார்க்குக்குக் குறைவில்லை. ஆனால் இந்தப் படிப்பு என்னோடு ஒட்டவே இல்லை. நான் என்ஜினியர் ஆகப் பிறந்தவள் இல்லை என்று தோன்றுகிறது. சாஃப்ட்வேர் வேலைக்குப் போவதா, எம்.பி.ஏ. படிப்பதா, இந்தத் துறையிலேயே இருப்பதா என்று ஆறு மாதமாகக் குழப்பம். ஃபீஸ் கட்டுவது அண்ணன். அவரிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். மினி புராஜெக்ட்டும் முடிந்துவிட்டது: மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். நாலு பேர் குழுவில் நான் ஒருத்திதான் பெண். ரிப்போர்ட்டும் பிபிடியும் என் பொறுப்பு. மோட்டார் கிளம்பும்போது போர்டு ரீசெட் ஆகிறது என்று பசங்க சொன்னார்கள். ரிப்போர்ட்டில் ‘திருப்திகரமாக இயங்கியது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வைவா. மூன்று வழியில் எனக்கு எது சரி?
— பெயர் வேண்டாம்

பதில்: மகளே, உன் கடிதத்தில் குழப்பத்தைப் பற்றி நிறைய இருக்கிறது. ரீசெட் ஆன போர்டைப் பற்றி ஒரே வரிதான். நான் அந்த வரியை விட்டு நகரப் போவதில்லை.

ஓடாததை ஓடியது என்று எழுதினாய். கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் எழுதினாய். அதே கையால் எனக்கும் எழுதுகிறாய், ‘நான் என்ஜினியர் ஆகப் பிறந்தவள் இல்லை’ என்று. இரண்டும் ஒரே ரகம். இரண்டிலும் முடிவு இருக்கிறது, சோதனை இல்லை.

‘எல்லாருக்கும் வருகிற குழப்பம்தான், உன்னால் முடியும்’ என்று நான் தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து ஊறுகிறது என்று ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல் நாலு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்யப் பார்த்தது, அடுத்தவர் சொன்ன ஊக்கம், அந்த நேரத்து உடம்பின் படபடப்பு. இதில் வலுவானது முதலாவது. என்னால் கடிதத்தில் அனுப்ப முடிந்தது மூன்றாவது மட்டும்தான். அதனால் அனுப்பவில்லை.

இன்னொருவர் ஜேம்ஸ் மார்சியா. 1966-ல் இளைஞர்களின் அடையாளத்தை இரண்டே கேள்விகளால் பிரித்துப் பார்த்தார்: தேடிப் பார்த்தாயா, எதையாவது பற்றிக்கொண்டாயா? தேடாமலே பற்றிக்கொண்டவர்களைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்தார். அப்பா சொன்னார் என்பதற்காக டாக்டருக்குப் படிப்பவர்களைத்தான் அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். தொட்டுப் பார்க்காமலே ‘இது எனக்கானது இல்லை’ என்று கதவைச் சாத்துகிறவர்களுக்கும் அதே பெட்டியில் இடம் உண்டு என்பது என் கட்சி.

ரிப்போர்ட் வேலை உன்னிடம் எப்படி வந்து சேர்ந்தது? யாரும் சதி செய்திருக்க மாட்டார்கள். முதல் நாள் ஒருவன் சர்க்யூட் கோர்க்கும் ஓட்டைப் பலகையான பிரெட்போர்டைத் தன் பக்கம் இழுத்திருப்பான், இன்னொருவன் லேப்டாப்பைத் திறந்திருப்பான். ‘நீ நல்லா எழுதுவே, ரிப்போர்ட் பாத்துக்கோ’ என்று ஒரு குரல் வந்திருக்கும். பாராட்டு மாதிரி இருந்ததால் நீயும் தலையாட்டியிருப்பாய். பொறியியல் மாணவர்களை நாட்குறிப்பு எழுதவைத்து ஆராய்ந்தவர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள்: குழு வேலை என்று வந்ததும் கருவி ஆண்கள் கைக்குப் போகிறது, எழுத்து வேலையும் ஏவல் வேலையும் பெண்கள் தலையில் விடிகிறது. பசங்கள் மேல் தப்பு இருக்கிறது. அதற்காக, அத்தனை நாளும் அந்த மேஜையில் கை வைக்காமல் இருந்தவளை நான் விட்டுவிட முடியாது. ரிப்போர்ட் எழுதுவது ஒன்றும் தாழ்ந்த வேலை கிடையாது. எழுதத் தெரியாத என்ஜினியரால் கூட இருப்பவர்களுக்கெல்லாம் தொல்லை. ஆனால் அளந்தவள் எழுதினால்தான் அது ரிப்போர்ட். அளக்காதவள் எழுதினால் கட்டுரைப் போட்டி.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், இப்போது கிளப்ப வேண்டாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களே சொன்னார்கள். அங்கே பொறியியல் பிரிவின் துணைத் தலைவரைப் பார்த்து மேலதிகாரி சொன்னது விசாரணைப் பதிவில் இருக்கிறது: என்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள். அவரும் அதை மாட்டிக்கொண்டு, கிளப்பலாம் என்றார். கிளம்பிய 73-வது விநாடியில் ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். உன் மோட்டார் யாரையும் கொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் தொப்பியைக் கழற்றச் சொல்லி ஒருவராவது கேட்டார். உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நீயாகவே கழற்றி வைத்தாய்.

இனி வேலை. லேபில் மூன்று மணி நேரம் அனுமதி வாங்கு. பசங்களும் இருக்கட்டும், அளக்கும் முனையான பிராப் மட்டும் உன் கையில் இருக்க வேண்டும்.

முதலில் மோட்டாரைக் கழற்றி, இரண்டு முனைக்கும் இடையே எத்தனை ஓம் என்று மல்டிமீட்டரில் பார். தண்டை மெல்லத் திருப்பி நாலைந்து இடத்தில் அள. உள்ளே கரண்டைக் கடத்தும் பிரஷ் நிற்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். 4 ஓம் என்று வை, சப்ளை 12 வோல்ட். கிளம்பும் கணத்தில் மோட்டார் சுற்றவில்லை, சுற்றும்போது மோட்டாரே உண்டாக்கும் எதிர் வோல்டேஜான பேக் இ.எம்.எஃப். கிடையாது; 3 ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் அரை ஆம்பியரில் அடங்கிவிடுகிற அதே மோட்டார்தான். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சிப் எல்298 என்றால் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் கணக்கு. மோட்டார் வயரை பிரெட்போர்டு வழியாகக் கொண்டுபோயிருந்தால் அதுவே பாதி வினை, அந்த ஓட்டைகள் 1 ஆம்பியருக்கு மேல் தாங்குகிறவை இல்லை.

அடுத்து, வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் டிஜிட்டல் ஸ்கோப்பின் பிராபை, போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் 5 வோல்ட் காலில் வை. டிரிகரை 4.5 வோல்ட்டில், இறங்குமுகமாக, சிங்கிள் ஷாட்டில் (வோல்ட் அதற்குக் கீழே இறங்கியதும் ஒரே ஒரு முறை படம்பிடிக்கும்படி) வைத்துவிட்டு மோட்டாரைக் கிளப்பு. நேராகப் போகும் கோடு சட்டென்று ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். உங்கள் போர்டு ஆர்டுயினோ ஊனோ என்றால் அந்தப் பள்ளம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனதும் சிப் தானாகவே ரீசெட் ஆகும். அது பழுது இல்லை, சிப்பின் தற்காப்பு. பள்ளமே விழாமல் ரீசெட் ஆனால் பிரஷ் பொறியின் இரைச்சலையோ தளர்ந்த ஜம்பர் வயரையோ சந்தேகப்படு.

சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்துவைத்தது என்று கடைசிவரை தெரியாது. மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, இரண்டு கிரவுண்டையும் ஒரே இடத்தில் சேர். சேர்க்க மறந்தால் மோட்டார் தாறுமாறாக நடந்துகொள்ளும், நீ புரோகிராமைத் திட்டிக்கொண்டிருப்பாய். டிரைவரின் சப்ளையில் 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வை. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். சிப்பின் காலை ஒட்டி ஒரு 0.1 மைக்ரோஃபாரட், மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே இன்னொன்று. கடைசியாக புரோகிராம்: மோட்டாரின் வேகத்தைச் சொல்லும் பி.டபிள்யூ.எம். எண்ணை ஒரேயடியாக உச்சமான 255-க்குத் தூக்காமல் 2 மில்லிவிநாடிக்கு ஒன்றாக ஏற்று. அரை விநாடியில் முழு வேகம் வந்துவிடும், பள்ளமும் ஆழம் குறையும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பள்ளத்தின் அடி எத்தனை வோல்ட் என்று நோட்டில் குறி. தேதி போட்டு, பேனாவால்.

அன்று ராத்திரி உன்னை நீயே கவனி. பள்ளம் ஏன் விழுந்தது என்று பிடிபட்டபோது உள்ளே ஏதாவது துள்ளியதா? கெப்பாசிட்டர் வைத்துச் சரிசெய்தது பிடித்திருந்ததா, புரோகிராமில் சரிசெய்ததா? இரண்டாவது என்றால், கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதும் எம்பெடெட் சாஃப்ட்வேர் என்று ஒரு வேலை இருக்கிறது. நீ எதிரும் புதிருமாக நிறுத்திவைத்திருக்கும் இரண்டு வழிக்கும் நடுவில். பசங்களை மேய்த்து, வேலையைப் பிரித்து, நேரத்துக்குள் முடித்ததுதான் பிடித்தது என்றால் எம்.பி.ஏ.வை யோசி, இரண்டு மூன்று வருஷம் எங்கேயாவது வேலை பார்த்த பிறகு. எதுவுமே துள்ளவில்லையா? அதுவும் அளந்து வந்த விடைதான், தாராளமாக வெளியே போ. துறை மாறுவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வேலையில் இருக்கும் சீனியர்கள் மூன்று பேரிடமாவது பேசு. ‘வேலை எப்படி இருக்கு’ என்று கேட்காதே, ‘போகுது’ என்பார்கள். நேற்றுக் காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கடைசியாக எது பழுதானது, அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேள்.

அண்ணனிடம் சொன்னதும் ‘திருப்திகரமாக இயங்குகிறது’ தானே? ஃபீஸ் கட்டுகிறவருக்கு உன் வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. இதை எந்த அண்ணனின் முகத்துக்கு நேராகவும் சொல்வேன். ஆனால் உண்மையான கணக்கு கேட்கும் உரிமை அவருக்கு நூற்றுக்கு நூறு உண்டு. தன் தேவை ஒன்றைத் தள்ளிப்போட்டுத்தான் கட்டுகிறார். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். கூடப் பிறந்தவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு பொய்க் கணக்கு காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசு. குழப்பத்தில் இருக்கிறேன், இந்த மாதம் இதையெல்லாம் செய்து பார்க்கிறேன், இன்ன தேதிக்குள் முடிவு சொல்கிறேன் என்று சொல். அந்தத் தேதி பிளேஸ்மென்ட் பதிவுக்கு முந்தியதாக இருக்கட்டும்.

ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்டு வாங்கு. முடிவுகள் பகுதியில் அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு நடந்ததை எழுது: எத்தனை வோல்ட்டில் ரீசெட் ஆனது, எதை மாற்றினீர்கள், பள்ளம் எவ்வளவு குறைந்தது. ஸ்கோப் படத்தையும் ஒட்டு. கொடுத்ததைத் திருப்பித் தர மாட்டோம் என்றால் திருத்தம் என்று தலைப்பிட்டுத் தனித்தாளில் கொடு. வைவாவில் எப்படியும் போர்டை ஆன் செய்து காட்டச் சொல்வார்கள். சுவிட்சை நீ போடு.