டர்னரின் வெனிஸ் ஓவியம் வெறும் காலண்டர் படமா?

ஆங்கில ஓவியர் டர்னர் 1834-இல் காட்சிக்கு வைத்த வெனிஸ் ஓவியம், சுங்க மாளிகையும் சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தேவாலயமும் உள்ளது, காலண்டர் படம் போலத்தானே இருக்கிறது, இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகப் போனில் பார்த்திருப்பீர்கள், அதுவும் தனியாக. அந்தப் படத்துக்கு ஒரு ஜோடி உண்டு. அதை விட்டுவிட்டு இதை மட்டும் குறை சொன்னால் எனக்கு மனசு கேட்கவில்லை.

இரண்டையும் டர்னரிடம் கேட்டு வாங்கியவர் மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளி ஹென்றி மக்கானெல். வெனிஸ் படத்தில் நல்ல பகல் வெளிச்சம், தண்ணீரில் படகுகள், யாருக்கும் அவசரமில்லை. ஒரு காலத்தில் கடல் வணிகத்தையே கையில் வைத்திருந்த ஊர், அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் கிடந்தது. 1835-இல் வந்த ஜோடிப் படம் வட இங்கிலாந்தின் டைன் ஆறு. நடுராத்திரி, மேலே நிலா. வலப்பக்கம் தீப்பந்த வெளிச்சத்தில் தட்டைப் படகிலிருந்து கப்பலுக்கு நிலக்கரியை வாரி ஏற்றுகிறார்கள். ஆட்கள் வெறும் கரிய உருவங்கள், ஒருவருக்கும் முகமில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டும் இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கின்றன.

அங்கே அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். தூத்துக்குடியில் தோணியில் மூட்டை சுமந்தவர். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குத் தோணியில்தான் சரக்கு போகும், அந்தக் காலத்து ஆள். வெனிஸைப் பார்த்து “நல்லாருக்கு” என்றார், அவ்வளவுதான். கரிப் படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. “நிலாவப் பாத்தா இவங்க வேல செய்யுதாங்க? ஓதம் வருமுன்ன ஏத்தி முடிக்கணும்லா” என்றார். இடப்பக்கம் நிற்கும் கப்பல்கள் காலை ஓதத்துக்குக் காத்திருப்பவை என்று நான் படித்திருந்தேன், அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அப்புறம் அவரே திரும்பவும் வெனிஸ் பக்கம் போய், “இங்க சரக்கு ஏத்துற ஆள் எங்கல?” என்று தேடினார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அந்த வெயில் வேறு மாதிரி தெரிந்தது.

அப்பா பாசத்தில் எழுதுகிறான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஓவியம் படித்தவர்கள் நிறம், ஒளி என்று இன்னும் நன்றாக விளக்குவார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாலை முதலாளி ஒருவர் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார் என்பதை ஒதுக்கிவிட்டு, வெறும் அழகு என்று மட்டும் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

    

வாஷிங்டன் பக்கம் போனால் நேரில் பாருங்கள், அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. முடியாவிட்டால் இரண்டு படங்களையும் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரிப் படத்தை முதலில் பாருங்கள்.