மின்னுவதெல்லாம் சொந்த ஒளியா?

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். "மின்னினால் நட்சத்திரம், சொந்த ஒளி. மின்னாவிட்டால் கோள், சூரியனிடம் வாங்கிய ஒளி" என்று ஏழாந்தரத்தில் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற பாதை லைட்டும் மின்னுதே டீச்சர், அப்போ அதுவும் நட்சத்திரமா? நிலா வெறும் கல்லுத்தானே, அது எப்படி இவ்வளவு வெளிச்சம் தருது?" என்று கேட்டாள். நிலா கண்ணாடி மாதிரி என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். நான் சொன்னது சரியா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பிள்ளைக்கு முழு மார்க் போடுங்கள். நீங்கள் சொன்ன விதி வானத்தில் பெரும்பாலும் பலிக்கும், ஆனால் காரணம் வேறு. சூரியனுக்குச் சொந்த ஒளி, அது மின்னுகிறதா?

மின்னுவது நம் காற்றின் வேலை. மேலே சூடும் குளிருமாகக் கலங்கிக்கொண்டிருக்கும் காற்று, வருகிற ஒளியை இப்படியும் அப்படியும் வளைக்கிறது. நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் வெறும் புள்ளி. புள்ளி ஆடினால் கண்ணுக்குத் தெரியும். கோள் ஒரு சின்ன வட்டு. அதன் ஒரு பக்கம் மங்கும்போது இன்னொரு பக்கம் பிரகாசிக்க, மொத்தத்தில் ஆட்டம் அடங்கிவிடும். தூரத்துப் பாதை லைட்டும் புள்ளிதான், அதனால் மின்னுகிறது. வியாழன்கூட அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது மின்னும். ஆகவே மின்னுவதை வைத்து உருவம் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று சொல்லலாம். ஒளி யாருடையது என்று சொல்ல முடியாது.

அடுத்தது கண்ணாடி. இதை மட்டும் வகுப்பில் திருத்திவிடுங்கள், டீச்சர். நன்றாகத் துலக்கிய ஒரு சில்வர் குடத்தையும் களிமண் உருண்டை ஒன்றையும் வெயிலில் வையுங்கள். குடத்தில் சூரியன் ஒரே ஒரு பொட்டாகக் கண்ணைக் கூசும். உருண்டையிலோ வெயில் படுகிற பாதி முழுவதும் சீராகத் தெரியும். நிலா இந்த உருண்டையின் கட்சி. அது பளபளப்பான கோளமாக இருந்திருந்தால் பிறையும் இல்லை, போயா என்கிற முழுநிலாவும் இல்லை, வானத்தில் ஒரு பொட்டு மட்டும்தான்.

நிலாவின் கல்லும் தூசியும் கருஞ்சாம்பல் நிறம். விழுகிற ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. முழுநிலாவை விடச் சூரியன் சுமார் 4 இலட்சம் மடங்கு பிரகாசம் என்பதால் அந்த மிச்சமே நமக்குத் தாராளம். சுற்றிலும் வானம் இருட்டாக இருப்பதும் ஒரு காரணம். இன்னொரு வேடிக்கை: அரைநிலா, போயா நிலாவின் பாதி வெளிச்சம் தருவதில்லை, பத்தில் ஒரு பங்கு அளவுதான் தரும். பக்கவாட்டில் வெயில் விழும்போது பள்ளமும் தூசியும் ஒன்றின் மேல் ஒன்று நிழல் போடுகின்றன. போயா அன்று சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் அந்த நிழல்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன.

அப்படியானால் சொந்த ஒளியா, இரவலா என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? விடிவெள்ளியை, அதாவது வெள்ளிக் கோளை, எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நட்சத்திரத்தையும் விடப் பிரகாசம். அதன் கந்தக அமில மேகங்கள் விழுகிற ஒளியில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்புகின்றன. கலிலியோ 1610இல் தொலைநோக்கியில் பார்த்தபோது அதுவும் நிலா மாதிரித் தேய்ந்து வளர்ந்தது. அப்புறம் 1814இல் ஜெர்மனியில் கண்ணாடி வேலை செய்த ஃபிரவுன்ஹோஃபர், சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து, நிறங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டார். வெள்ளியின் ஒளியிலும் அதே கோடுகள். சீரியஸ் நட்சத்திரத்தில் கோடுகள் வேறு மாதிரி. சூரியனின் வெளி அடுக்கில் உள்ள வாயுக்கள் சில நிறங்களை விழுங்குவதால் வரும் கோடுகள் அவை என்று 1859இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்கோஃப் விளக்கினார். எனக்கு இதில் பிடித்ததே, கடன் வாங்கிய ஒளியில் கடன் கொடுத்தவரின் கையெழுத்து அழியாமல் இருப்பதுதான்.

சூரியன் எப்படி ஒளியை உண்டாக்குகிறது என்பது ஏழாந்தரத்துக்குச் சற்று அதிகம். நடுவில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது, அதில் விநாடிக்கு 40 இலட்சம் தொன் அளவு பொருள் ஆற்றலாகிறது என்று சொன்னால் இப்போதைக்குப் போதும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வீட்டுவேலை கொடுங்கள். மூன்றாம் பிறை அன்று நிலாவின் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரியும். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? (சூரியனிலிருந்து பூமிக்கு, பூமியிலிருந்து நிலாவுக்கு, அங்கிருந்து நம் கண்ணுக்கு. உடனே சொல்லிவிடாதீர்கள்.) மே மாதம் பிறந்தால் உங்கள் பக்கம் மழையும் மூட்டமும்தான், அதற்கு முன்னமே பார்க்கச் சொல்லுங்கள்.